காவல் எனப்படுவது யாது?

படை என்னும் சொல்லைக் கேட்டவுடன் மனக்கண்முன் வந்து நிற்பவை துப்பாக்கியும் பீரங்கியும் போர்க்கப்பலுமே ஆகும். நாட்டு விழாக்களில் அணிவகுத்துச் செல்லும் வீரர்களைக் காணும் சிறுவர்கள், அவர்கள் ஏந்திச் செல்லும் கருவிகளையே வியந்து நோக்குகின்றனர். ஆயினும் மலேசிய மக்களுள் பலர் ஒரு படைவீரனை மிக அருகில் கண்டது போர்க்களத்தில் அன்று; வெள்ளக்காட்டில்தான். பருவமழை கொட்டும் ஆண்டிறுதி நாள்களில், இடுப்பளவு நீரில் நின்று மூதாட்டியைத் தோளில் சுமந்து வருபவனாகவும், படகில் குழந்தைகளை ஏற்றுபவனாகவும், உணவு மூட்டைகளை இறக்கி வைப்பவனாகவுமே அவன் அவர்களுக்கு அறிமுகமாகியிருக்கிறான்.

இங்கு ஒரு வினா எழுகிறது. கொல்லப் பயின்ற கையும் காக்க நீளும் கையும் ஒன்றாக இருத்தல் கூடுமா? போர் என்பது ஓர் அறம், பேரிடரில் உதவுதல் என்பது வேறோர் அறம் எனப் பிரித்துக் காண்பதா? அல்லது இரண்டிற்கும் அடியில் ஓடும் வேர் ஒன்றேதானா? இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சிக்கு உரியதன்று. ஒரு நாடு தன் படையிடம் எதை எதிர்பார்க்கலாம், படையை ஏவும் தலைவரிடம் எதை எதிர்பார்க்கலாம், தன்னிடமே எதை எதிர்பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் இதன் விடையைப் பொறுத்தே அமையும்.

ஊராண்மை

படையின் இலக்கணத்தைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கின்றனர். திருக்குறளில் ‘படைமாட்சி’, ‘படைச்செருக்கு’ என்னும் இரண்டு அதிகாரங்கள் இதற்கென்றே அமைந்துள்ளன. அவற்றுள் இரண்டு கருத்துகள் இவ்வினாவுக்கு நேராக ஒளி காட்டுகின்றன. பகைவரை அஞ்சாது எதிர்க்கும் கடுமையே பேராண்மை; ஆயினும் அப்பகைவர்க்கு ஒரு துன்பம் நேர்ந்தவிடத்து உதவி நிற்பதே அவ்வாண்மையின் கூர்மை என்பது ஒன்று. நிலைபெற்ற வீரர் பலர் இருப்பினும் தகுந்த தலைவர் இல்லாவிடில் அதைப் படையென்று சொல்ல இயலாது என்பது மற்றொன்று.

முதற்கருத்தில் உதவும் பண்பிற்கு வள்ளுவர் வழங்கிய பெயர் ‘ஊராண்மை’. வீரத்தோடு பிற்பாடு ஒட்டவைத்த அணிகலனாக அவர் அதைக் கூறவில்லை. வீரமாகிய படைக்கலத்தின் கூர்முனையே அதுவென்றார். கூர் மழுங்கிய வாளைச் சுமப்பது வெறும் இரும்பைச் சுமப்பதே அன்றோ? அவ்வாறே இரக்கமற்ற வீரமும் வெறும் சுமையாகிவிடும் என்பது கருத்து.

இக்கூற்றின் உண்மையைப் படைப்பயிற்சியின் தன்மையைக் கொண்டும் உணரலாம். புதிதாகச் சேரும் இளைஞன் அங்கே கற்பது சுடுவதற்கு மட்டுமன்று. அச்சம் வந்தபோதும் நிலைகுலையாமல் இருத்தல், இட்ட கட்டளையைத் தளர்வின்றி நிறைவேற்றுதல், உடன் நிற்பவனைக் கைவிடாதிருத்தல் ஆகிய மூன்றே அவன் பயிற்சியின் உயிர்நிலை. சுடுதல் இம்மூன்றின் ஒரு பயன்பாடு; வெள்ளத்தில் நீந்திச் செல்லுதல் மற்றொரு பயன்பாடு. போரில் எல்லைக்கோடு உண்டு. இவர் நம்மவர், அவர் பிறர் என்னும் பிரிவு உண்டு. வெள்ளத்திலோ அப்பிரிவு இல்லை. கூரையின்மேல் தவிப்பவன் எவ்வினத்தவன், எக்கட்சிக்கு வாக்களித்தவன் என்று கேட்டுக்கொண்டு படகை நிறுத்துவார் இல்லை. ஆகவே படைவீரனின் அறம் கலப்படமின்றி வெளிப்படும் இடம் பேரிடர்க்களமே எனலாம்.

எனினும் இதைக் கேட்டு மயங்கிவிடுதலும் கூடாது. கட்டளைக்குப் பணியும் பழக்கம் நல்ல கட்டளை வந்தால் நன்மையையும், தீய கட்டளை வந்தால் தீமையையும் ஒரே விரைவோடு செய்து முடிக்கும். அதனால்தான் இரண்டாம் கருத்தாகிய தலைமை இங்கு இன்றியமையாததாகிறது.

பினாங்கு கண்ட பாடம்

இவ்வுண்மையை ஏட்டளவில் நிறுத்தாமல், நடந்த நிகழ்ச்சி ஒன்றில் வைத்துச் சோதித்தல் நன்று. அதற்குத் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. பினாங்குத் தீவின் வரலாறே போதும்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கினர். மூன்று நாள் கழித்து, 11ஆம் நாள், அவர்களுடைய விமானங்கள் ஜார்ஜ்டவுன் நகரின்மேல் குண்டு பொழிந்தன. வானூர்திகளை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்ற மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டனர். கடைவீதிகள் எரிந்தன. பிணங்கள் அகற்றுவாரின்றிக் கிடந்தன. இந்நிலையில், தீவைக் காக்கும் பொறுப்பை ஏற்றிருந்த ஆங்கிலேய ஆட்சி செய்தது என்ன? ஐரோப்பியப் பெண்டிரையும் குழந்தைகளையும் முதலில் இரவோடு இரவாக வெளியேற்றியது. பின்னர் 16ஆம் நாள் இரவும் அதையடுத்த விடியலுமாக எஞ்சிய ஐரோப்பியரும் காவற்படையினரும் தீவை விட்டு அகன்றனர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் பிறருமாகிய ஆசிய மக்களுக்கு அக்கப்பல்களில் இடமில்லை. அவர்கள் புறப்படப்போகின்றனர் என்னும் செய்திகூட இம்மக்களுக்கு முறையாக அறிவிக்கப்படவில்லை.

அதன்பின் சிங்கப்பூரில் இருந்த ஆங்கிலேய அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்களுள் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டனர் என வானொலியில் கூறினார். குண்டுகள் செய்த காயத்தைவிட இச்சொல் செய்த காயம் ஆழமானது. தீவில் அப்போதும் பல்லாயிரவர் இருந்தனர். அவர்கள் ‘மக்கள்’ என்னும் கணக்கில் சேரவில்லை என்பதையே அச்சொல் அறிவித்தது. ஒரு படை யாரைக் காக்கிறது என்பதை அறிய விரும்புவோர், அப்படையை நடத்துவோர் யாரை மக்களாக எண்ணுகின்றனர் என்று பார்த்தால் போதும்.

கோட்டை இருந்தது, அதன் மதில்மேல் பீரங்கிகளும் இருந்தன. ஆனால் காவல் இல்லை. கோட்டைக்குள் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அதைக் கண்டு ஜப்பானிய விமானங்கள் மீண்டும் வந்து தாக்கக்கூடும். அப்போது முன்வந்தவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ என்னும் ஆங்கில நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழராகிய இவர் படைவீரர் அல்லர், ஆட்சியாளரும் அல்லர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலேயக் கொடியை இவரே இறக்கினார். பினாங்கு பாதுகாப்பற்ற நகரம், அதைத் தாக்க வேண்டாம் என்னும் செய்தியை வானொலிவழி ஜப்பானியருக்கு எட்டச் செய்தார். பல இனத்தவரும் அடங்கிய பினாங்குத் தொண்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கிக் கொள்ளையைத் தடுக்கவும் ஒழுங்கை நிலைநாட்டவும் முயன்றார். 19ஆம் நாள் ஜப்பானியர் வந்து சேரும்வரை, ஆயுதமற்ற அக்குழுவே அத்தீவின் அரசாக இருந்தது. பின்னர் ஜப்பானியர் அவரைச் சிறையில் அடைத்தனர் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும். தங்கியிருந்ததற்கு அவர் விலை கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியில் தீவை விட்டுச் சென்ற வீரர்களைக் கோழைகள் எனப் பழித்தல் நேர்மையாகாது. அவர்கள் கட்டளைக்குப் பணிந்தனர். படைநோக்கில் அத்தீவைக் காத்து நிற்பது இயலாது என்று கருதியவர்களின் கணக்கும் பிழையென்று சொல்லிவிட முடியாது. பிழை வேறிடத்தில் இருந்தது. நிலத்தைக் காக்க முடியாதபோது காவலும் முடிந்துவிட்டது என்று அத்தலைமை கருதியது. நிலம் போயினும் மக்கள் இருந்தனர். அவர்களுக்குச் செய்தியும் மருந்தும் ஒழுங்கும் வேண்டியிருந்தன. வெல்ல முடியாத இடத்திலும் உடனிருக்க முடியும் என்பதை அறிந்திருந்தவர் இதழாசிரியரே அன்றிப் படைத்தளபதி அல்லர். காவல் என்பது வெல்லுதல் அன்று, உடனிருத்தல். இதுவே பினாங்கு கண்ட பாடம்.

நாட்டுக்கெனப் பிறந்த படை

அயலார் படையை நம்பியிருந்த நாட்டிற்குத் தன் படை ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் போருக்கு முன்பே அரும்பியிருந்தது. 1933ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் நாள் போர்ட்டிக்சனில் 25 மலாய் இளைஞர்களைக் கொண்டு சோதனை முறையில் ஓர் அணி தொடங்கப்பட்டது. அதுவே பின்னாளில் அரச மலாய்ப் படைப்பிரிவாக வளர்ந்தது. தொடங்கிய ஒன்பதாம் ஆண்டிலேயே அதற்குக் கடுஞ்சோதனை வந்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சிங்கப்பூர் வீழும் தறுவாயில், பாசிர் பாஞ்சாங் பகுதியில் உள்ள புக்கிட் சண்டு குன்றில் லெப்டினன்ட் அட்னான் சைடியின் தலைமையில் நின்ற அணி இறுதிவரை போரிட்டது. 14ஆம் நாள் அட்னான் உயிர் துறந்தார். படையிற் சேருமுன் அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் கற்பித்தவர். கரும்பலகையின்முன் நின்றவரே குன்றின்மேலும் நின்றார் என்பது, வீரத்தின் வேர் பொறுப்புணர்ச்சியே என்பதற்குச் சான்றாகும்.

விடுதலைக்குப்பின் படையின் தலைமை படிப்படியாக நாட்டு மக்களின் கைக்கு வந்தது. 1964ஆம் ஆண்டு முப்படைகளின் தலைமைப் பொறுப்பைத் துங்கு ஒஸ்மான் ஏற்றார்; அப்பொறுப்பில் அமர்ந்த முதல் மலேசியர் அவரே. 1967ஆம் ஆண்டு கடற்படையின் தலைமையை ஏற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம் என்னும் தமிழர். அப்போது அவருக்கு அகவை 31. அயல்நாட்டு அதிகாரிகளிடமிருந்து பொறுப்பை வாங்கி, இளமையிலேயே ஒரு படையை வளர்க்கும் கடமையை அவர் தாங்கினார். தோட்டப்புறத்திலும் நகர்ப்புறத்திலும் வளரும் தமிழ்ச் சிறுவர்கள் இப்பெயரை அறிந்திருத்தல் வேண்டும். நாட்டைக் காத்தல் ஓர் இனத்தின் கடமை அன்று, எல்லாருக்கும் உரியது என்பதற்கு அது நிலைத்த சான்று.

அரசியலமைப்பின்படி முப்படைகளுக்கும் மாமன்னரே தலைமைத் தளபதி ஆவார். ஆட்சியை நடத்துவோர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்திலும், 1963 முதல் 1966 வரை நிகழ்ந்த இந்தோனேசிய மோதலிலும் இப்படை போரிட்டது. 1960ஆம் ஆண்டு காங்கோவுக்கும், பின்னர்ச் சோமாலியா, போஸ்னியா முதலிய நாடுகளுக்கும் ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் சென்றது. இவ்வளவுக்கும் இடையில் அது ஆட்சிக் கட்டிலில் ஏறி அமர முயன்றதில்லை. அண்டை நாடுகள் சிலவற்றின் வரலாற்றோடு ஒப்பிட்டால் இது எளிய பேறன்று.

பினாங்கில் படைத்தளமாக இருந்த மிண்டன் முகாம், 1971ஆம் ஆண்டு முதல் அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்பில் இருந்த விமானத்தளம் 1988ஆம் ஆண்டு மலேசிய விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. வேற்றவர் காவலில் இருந்த மண் தன் காவலைத் தானே ஏற்றுக்கொண்ட வரலாற்றின் அடையாளங்கள் இவை.

எல்லையிலிருந்து இல்லங்களுக்கு

படையின் முகம் மக்களை நோக்கித் திரும்பிய காலம் எதுவெனில், போர்கள் ஓய்ந்த காலமே எனலாம். 1989ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஹாட்ஞாயில் கையெழுத்தான உடன்படிக்கையோடு மலாயாப் பொதுவுடைமைக் கட்சியின் ஆயுதப் போராட்டம் முடிவுக்கு வந்தது. நான்காண்டுகள் கழித்து, 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், கோலாலம்பூருக்கு அருகில் ஹைலேண்ட் டவர்ஸ் என்னும் அடுக்குமாடிக் கட்டடங்களுள் ஒன்று சரிந்து 48 பேர் மாண்டனர். இடிபாடுகளுக்கிடையே உயிரைத் தேடும் தனிப்பயிற்சி பெற்ற குழு நாட்டில் இல்லை என்பது அன்று வெளிப்பட்டது. அதன் விளைவாக, தரைப்படை, காவல்துறை, தீயணைப்புத் துறை ஆகிய மூன்றிலிருந்தும் ஆள்களைத் தேர்ந்து ‘ஸ்மார்ட்’ என்னும் மீட்புக்குழு அமைக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டு தேசியப் பாதுகாப்பு மன்றம் தனது 20ஆம் கட்டளையின்வழி மாவட்டம், மாநிலம், மத்திய அரசு என மூன்று நிலைகளில் பேரிடர்ப் பணியை வகுத்தது. 2015ஆம் ஆண்டு தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனமாகிய ‘நட்மா’ தோன்றியது. முந்திய ஆண்டின் இறுதியில் கிளாந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களை மூழ்கடித்து, 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோரை வீடிழந்து அலையவைத்த பெருவெள்ளமே அதற்குத் தூண்டுகோல். ஒவ்வோர் அமைப்பும் ஒரு துயரத்திற்குப் பின்னரே பிறந்திருக்கிறது என்பது எண்ணத்தக்கது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை மலேசியாவில் 68 உயிர்களைக் கொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கின் கடற்கரைகளில் மாண்டவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் கடலாடச் சென்ற குடும்பங்களும் வலையோடு நின்ற மீனவரும் அவ்வலையில் அகப்பட்டனர். அதே அலை தமிழகத்தின் நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோரை வாரிச் சென்றது, இலங்கையின் கிழக்குக் கரையைத் துடைத்தது, ஆச்சேயை அழித்தது. தன் நாட்டின் இழவு ஆறுமுன்பே மலேசியா ஆச்சேக்கு மீட்புக்குழுவையும் மருத்துவரையும் அனுப்பியது. 1963ஆம் ஆண்டு மோதலில் எதிரெதிரே துப்பாக்கி ஏந்திய இரு நாட்டவர், நாற்பதாண்டுகள் கழித்து ஒரே சேற்றில் நின்று பிணங்களை எடுத்தனர். வள்ளுவர் குறித்த ஊராண்மைக்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுமோ?

கார் நிக்கோபார் தீவிலிருந்த இந்திய விமானப்படைத் தளத்தை அவ்வலை தரைமட்டமாக்கியது. வீரரும் அவர்தம் குடும்பத்தாருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே மடிந்தனர். எஞ்சியவர்கள் தம் மனைவி மக்களை இழந்த நிலையிலும், சிதைந்த ஓடுதளத்தைப் பயன்படுத்தி மீட்பு விமானங்களை இறக்கினர். அழுவதற்கு உரிமை பெற்றவர்கள் அழுகையை ஒத்திவைத்தனர். இதைச் செய்யுமாறு எக்கட்டளை சொல்ல முடியும்? கட்டளையால் தொடங்கிய பயிற்சி, கட்டளைக்கும் அப்பால் ஒரு பண்பாகக் கனிந்துவிட்ட நிலை இது.

மலேசியாவிலும் இப்பணி விலையின்றி நடைபெறவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்து 2020ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற ‘நூரி’ ஹெலிகாப்டர்கள், காட்டுப்புற மக்களுக்கு அரிசியையும் மருந்தையும் கொண்டு சேர்த்தவை. அவற்றின் விபத்துகளில் உயிரிழந்த வீரர் பலர். 2018ஆம் ஆண்டு அக்டோபரில் பூச்சோங் அருகே குட்டையில் விழுந்த சிறுவனைத் தேடி இறங்கிய தீயணைப்பு வீரர் அறுவர் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்கள் துப்பாக்கி ஏந்தாதவர்கள். ஆயினும் அவர்களைப் படைவீரரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் கோடு எது? பிறர் உயிருக்காகத் தம் உயிரை வைத்தவர் அனைவரும் ஒரே அணியைச் சேர்ந்தவர்களே.

காத்திருக்கும் படையும் காலந்தாழ்த்தும் தலைமையும்

இனிக் கடினமான பகுதிக்கு வருதல் வேண்டும். படை தானாக எழுந்து செல்லும் இயல்பினதன்று. குடியாட்சியில் அது குடிமக்களின் அரசுக்குப் பணிந்தே நிற்றல் வேண்டும். வெள்ளம் வந்தாலும் தீப்பற்றினாலும் அழைப்பு வந்தபின்னரே செல்ல வேண்டும். ‘மக்கள் மூழ்கிக்கொண்டிருக்கையில் கட்டளைக்குக் காத்திருப்பது அறமா?’ என்று ஒருவர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் தன் விருப்பப்படி எழுந்து நன்மை செய்யும் படை, மற்றொரு நாள் தன் விருப்பப்படி எழுந்து ஆட்சியையும் பிடிக்கும். 2008ஆம் ஆண்டு மே மாதம் நர்கிஸ் புயல் மியன்மாரின் ஐராவதி வடிநிலத்தைத் தாக்கி இலட்சத்திற்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, அந்நாட்டை ஆண்டது படையே. கட்டளைக்குக் காத்திருக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. எனினும் அயல்நாட்டு உதவியை உள்ளே விடாமல் நாள்களைக் கடத்தியது. படையே அரசானால் மீட்பு விரையும் என்பது பொய்க்கணக்கு என்பதை அப்புயல் காட்டிற்று.

ஆகவே படை காத்திருத்தல் சரியே. ஆயின் அதிலிருந்து ஒரு முடிவு தானே பெறப்படுகிறது. வீரன் காத்திருக்கக் கடமைப்பட்டவன் என்றால், அவனை ஏவுகின்றவன் காலந்தாழ்த்தாதிருக்கக் கடமைப்பட்டவன். வீரனின் கைகள் ஒழுக்கத்தால் கட்டப்பட்டிருக்கின்றன. அக்கட்டை அவிழ்க்கும் உரிமை பெற்றவர், வீணாகக் கழியும் ஒவ்வொரு மணிக்கும் தாமே பொறுப்பாவார். பணிவு வீரனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. அதே பணிவு தலைவன்மீது முழுச்சுமையையும் ஏற்றுகிறது.

இதற்கு இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் பினாங்கில் பெய்த பேய்மழை ஓரிரவுக்குள் மாநிலத்தை வெள்ளக்காடாக்கியது. 7 பேர் மாண்டனர். மாநிலத்தை ஆண்டது ஒரு கட்சி. மத்தியில் ஆண்டது அதற்கு எதிர்க்கட்சி. இரு தரப்பாரும் மேடைதோறும் ஒருவரையொருவர் சாடிக்கொண்டிருந்த காலம் அது. எனினும் நள்ளிரவு கடந்த நேரத்தில் முதலமைச்சர் லிம் குவான் எங் துணைப்பிரதமர் அஹ்மாட் சாஹிட் ஹமிடியைத் தொலைபேசியில் அழைத்துப் படையுதவி கோரினார். உதவி அனுப்பப்பட்டது. கேட்பவர் தம் பெருமையை விட்டுக் கேட்டார். கொடுப்பவர் கணக்குப் பார்க்காமல் கொடுத்தார். தலைமை என்பது அவ்விரவில் ஒரு தொலைபேசி அழைப்பின் வடிவில் இருந்தது.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்தது. நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பில் மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் உணவின்றித் தவித்தனர். உதவி தாமதமாக வந்தது என்னும் குறை நாடெங்கும் ஒலித்தது. குறைபாடுகள் இருந்ததைப் பிரதமரே ஒப்புக்கொண்டார். படைமுகாம்கள் தொலைவில் இல்லை, படகுகளும் இல்லாமலில்லை. எது உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்றால், முடிவு. ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கதே. ஆயினும் கூரைமேல் கழிந்த இரவுகளை ஒப்புதலால் திருப்பித் தர இயலாது.

குடிமக்களின் கடன்

அவ்வெள்ளத்தின்போதே வேறொன்றும் நிகழ்ந்தது. தனியார் தம் படகுகளைச் சுமையுந்துகளில் ஏற்றிக்கொண்டு வந்தனர். சீக்கியரின் குருத்துவாராவில் இன, மத வேறுபாடின்றி ஆயிரக்கணக்கானோருக்கு உணவு சமைக்கப்பட்டது. கோயில்களும் பள்ளிவாசல்களும் கதவைத் திறந்தன. 1941ஆம் ஆண்டு பினாங்கில் தோன்றிய தொண்டுக் குழுவின் உணர்வு எண்பதாண்டுகள் கழித்தும் மாயவில்லை என்பதற்கு இது சான்று.

எனவே, ‘படை இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்’ என்று குடிமக்கள் இருந்துவிடுதல் ஆகாது. படை வருவது இடர் நேர்ந்தபின். அறம் வர வேண்டியது இடர் நேருமுன். 2017ஆம் ஆண்டு வெள்ளத்திற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர், தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான இடத்தில் மண் சரிந்து தொழிலாளர் 11 பேர் புதையுண்டு மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்பு நாடி வந்த அயல்நாட்டினர். மலைச்சரிவை வெட்டுவோரும், அதற்கு இசைவு தருவோரும், ஓடையில் குப்பை கொட்டுவோரும் தத்தம் கடனைச் செய்யாதபோது, அக்கடனின் வட்டியைப் படைவீரன் தன் முதுகில் சுமக்கிறான். வீரனைப் பாராட்டி மாலை சூட்டும் அதே கைகள், அவனை அந்நீரில் இறங்கவைத்த காரணத்தையும் ஆராய வேண்டும். அவ்வாறு ஆராயாத பாராட்டு, குற்றத்தை மூடும் போர்வையாகிவிடும்.

பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. சாரணர் இயக்கமும் செம்பிறைச் சங்கமும் மாணவர்க்குக் கற்பிக்கும் முதலுதவி, பதற்றமின்மை, வரிசைகாத்தல் ஆகியவை தேர்வில் மதிப்பெண் பெறுவதற்காக மட்டும் அமைந்தவை அல்ல. இடர் நேர்ந்த முதல் மணி நேரத்தில் படை அங்கே இருக்காது. பக்கத்து வீட்டாரே இருப்பர். அந்த முதல் மணியில் ஒருவரையொருவர் கைவிடாதிருக்கப் பயின்ற சமுதாயத்திற்கே, பின்னால் வரும் படையும் பயன்படும்.

முடிவாக

கொல்லப் பயின்ற கையும் காக்க நீளும் கையும் ஒன்றா என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். கை ஒன்றே. அதை நல்லதாக்குவதும் தீயதாக்குவதும் அது ஏந்திய கருவி அன்று; அது யாருக்காக நீளுகிறது என்பதும், யார் அதை ஏவுகின்றார் என்பதுமே. 1941ஆம் ஆண்டு பினாங்கை விட்டுச் சென்ற படையிடம் துப்பாக்கிகள் இருந்தன. ஆனால் தீவில் எஞ்சியவர்களைத் தன் மக்களாக எண்ணும் தலைமை அதற்கு இல்லை. கொடியிறக்கிய இதழாசிரியரிடம் துப்பாக்கி இல்லை. ஆனால் அம்மக்களை விட்டுப் போகமாட்டேன் என்னும் உறுதி இருந்தது. வரலாறு காவலன் என்னும் பெயரை இருவருள் யாருக்கு வழங்கும்?

மலேசியா இன்று தனக்கென ஒரு படையையும் அதற்கென ஒரு வரலாற்றையும் பெற்றிருக்கிறது. அப்படையின் பெருமையை அணிவகுப்பில் செல்லும் கவச ஊர்திகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்க வேண்டியதில்லை. மழை வலுக்கும் ஓர் இரவில், வடிகாலோரத்துக் குடிசையில் இருக்கும் ஏழை, இனம் எதுவாயினும் மொழி எதுவாயினும், ‘எனக்காகவும் வருவார்கள்’ என்று நம்பி விழித்திருக்க முடியுமா என்று கேட்டால் போதும். அந்நம்பிக்கையை ஊட்டுவது தலைவர் கடன். அதை நிறைவேற்றுவது வீரர் கடன். அவர்கள் வந்து சேரும்வரை அவ்வேழையின் கையைப் பற்றி நிற்பது அண்டையில் வாழ்வோர் கடன்.